லூப் லைனில் ஒரு பகல்

ஜூலை 1, சனி

03.40 விழிப்பு. டூட்டிக்கு எழுப்புகிற கால் பாய் வந்து கதவைத் தட்டவில்லை. இனித் தட்டவும் மாட்டான்.

நேற்று மாலையோடு முப்பத்திரண்டு வருட ரயில்வே வேலை முடிந்தது. ஒரு ரோஜா மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து மணி பார்த்தே காலம் தள்ளியவனுக்குக் கடிகாரம் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. சேர்ந்தபோது நான் கார்டு, போகும்போது டிரெயின் மேனேஜர். பெயரை மாற்றினார்கள், பிரேக் வேன் பெஞ்சை மாற்றவில்லை.

06.15 காபி. சௌந்தரம் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"இனிமே எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"நீ எப்ப சாப்பிடுவ?"

"நானா?" கொஞ்சம் யோசித்தாள். "பசிச்சா சாப்பிடுவேன்."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். சேர்ந்தாற்போல மூன்று நாள் இந்த மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டைச் சௌந்தரம் தொடமாட்டாள். டூட்டி நோட்டு என்று ஒதுக்கியே பழக்கம். ஆகவே தைரியமாக எழுதலாம்.

கட்டிலுக்குக் கீழே என் லைன் பெட்டி இருக்கிறது. இரும்பு, கறுப்பு பெயிண்ட், வெள்ளையில் 'சி. குஞ்சிதபாதம், கார்டு'. கொடி, விளக்கு எல்லாம் ஒப்படைத்தாயிற்று. உள்ளே ரூல் புத்தகங்கள் இருப்பதாக வீட்டில் ஐதீகம். இருப்பது நாற்பத்தோரு கேன்வாஸ்கள். ஓவியர்கள் வரைகிற துணி இல்லை இது. கொசுவலை போல முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், விறைப்பான துணி. மொட்டை ஊசியில் உல்லன் நூலைக் கோத்துக் கண்ணுக்குக் கண் சாய்வாக ஓட்டிக்கொண்டே போனால் துணி மறைந்து நூல்தான் தெரியும். பெண்கள் இதில் ரோஜா போடுவார்கள், கூடைக்குள் நாய்க்குட்டி போடுவார்கள்.

தொண்ணூற்று ஐந்தில், யாரும் கேட்டு வராத பார்சல்களை ஏலம் விட்டபோது ஒரு பெட்டியை எடுத்தேன். டார்ச் லைட் இருக்கும் என்று ஆசை. கேன்வாஸ் சுருளும் நூல் கண்டுகளும் இருந்தன. சரி தொலையட்டும் என்று பிரேக் வேனில் பொழுதுபோக ஆரம்பித்தது.

நான் எதையும் வரைந்துகொள்வதில்லை. ஒரு ஸ்டேஷன் தாண்டினால் ஒரு வரிசை. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் கண்ணில் எந்த நிறம் தங்குகிறதோ அந்த நூல். முடித்துப் பார்த்தால் மயிலும் இருக்காது, மண்ணாங்கட்டியும் இருக்காது. ஜமக்காளம் போலக் கோடு கோடாக இருக்கும். ஆனால் எனக்கு அது அரியலூர், அது விருத்தாசலம். வண்டியின் ஆட்டம் தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, ஊசியை அதுவே தள்ளும். ஓடும் வண்டியில்தான் எனக்கு வரும். கொடி காட்ட வேண்டிய இடத்தில் காட்டினேன், வேலையில் ஒரு குறை வைத்ததில்லை.

ஆம்பளை ஊசி பிடிக்கிறானே என்று, வண்டி ஆட்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் மானத்தை வாங்குவார்கள். அதனால் அங்கே சொல்லவில்லை. சௌந்தரத்திடம் ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒரு காரணமும் அகப்படவில்லை.

ஜூலை 6, வியாழன்

10.20 சௌந்தரம் மார்க்கெட்டுக்குப் போனாள். கேன்வாஸை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆறு தையல். ஏழாவதில் கை கல்லாகிவிட்டது. எதிர்வீட்டுச் சுவர் எதிர்வீட்டுச் சுவராகவே நின்றது.

ஆட்டம் இல்லாததுதான் குறை என்று பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால்களில் சாய்ந்து ஆடிப் பார்த்தேன். நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சரியாக அப்போதுதான் கதவைத் திறக்கிறாள்.

"என்ன சத்தம்?"

"பல்லி விழுந்துச்சு."

"பல்லியா?" என் முழங்கையைப் பார்த்தாள். "நல்ல பல்லிதான்." எண்ணெய் தடவிவிட்டாள். கேன்வாஸை நான் வேட்டிக்குள் செருகியிருந்தேன்.

ஜூலை 10, திங்கள்

பென்ஷன் ஆபீஸில் ஒரு கையெழுத்து என்று சொன்னேன். 06.50 பொன்மலையில் மாயவரம் பாசஞ்சர். ஜன்னல் ஓரம், வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி. கார்டு பின்னால் பார்த்தே பழகியவன். எனக்கு எல்லாம் போன பிறகுதான் தெரியும்.

திருவெறும்பூர் தாண்டியதும் கை வந்துவிட்டது. அப்பாடா!

பூதலூருக்கு அப்புறம் கண் பாதி மூடிக்கொள்ளும். தூக்கம் இல்லை. நாற்றங்கால் பச்சை ஒன்று வந்து நிற்கும், அது போவதற்குள் சேற்றுத் தண்ணீரில் கிடக்கும் வானம் வரும், அதன்மேல் ஒரு ஆள் குனிந்தபடியே மிதந்து போவான். யாரோ கொல்லையில் காயப்போட்ட ஊதாப் பாவாடை. அது எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது, ஆனால் அந்த ஊதா விரலுக்கு வந்துவிடும். வண்டி நிற்கிறதா ஊர் நடக்கிறதா என்றே தெரியாத ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் எனக்கு வீடு இல்லை, வயது இல்லை, பெயர்கூட இல்லை.

13.25 வீடு. "கையெழுத்து ஆச்சா?" என்றாள். நாளைக்கும் வரச் சொன்னார்கள் என்றேன்.

ஜூலை 19, புதன்

சீசன் டிக்கெட் எடுத்தேன். பென்ஷன் ஆபீஸில் இன்னும் இழுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 27, வியாழன்

கும்பகோணத்தில் ஏறும் பூக்காரம்மாவுக்கு நான் பழகிவிட்டேன்.

"என்னண்ணே, பேரப்புள்ளைக்கு ஸ்வெட்டரா? மாயவரத்துல அப்படி என்ன குளிரு?"

"ஸ்வெட்டர் இல்லம்மா."

"பின்ன?"

"சும்மா."

"சும்மாவா!" பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, "நமக்குச் சும்மா இருக்க நேரமிருக்கா பாரு" என்றாள். பெட்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இவர்களிடம் வெட்கமில்லை. கூடையிலிருந்த கனகாம்பரத்தின் நிறம் ஆடுதுறை வரை கண்ணிலேயே இருந்தது. ஒரு வரிசை போட்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

16.30. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா காய் நறுக்க வந்திருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த சவரிமுத்து அண்ணனின் சம்சாரம். அண்ணன் தவறி நாலு வருடம் ஆகிறது. அக்காவின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்ன தம்பி, ரிட்டயர் ஆன பின்னாடியும் டூட்டியா? மாயவரத்துல ஏதும் சின்ன வீடு கட்டியிருக்கீங்களா?"

நான் சிரித்தேன். அக்கா சிரித்தார்கள். சௌந்தரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். காம்பில் இலை தீர்ந்த பிறகும் உருவிக்கொண்டிருந்தாள்.

ஓசூரிலிருந்து மகள் கமலினி போன் செய்தாள். "அப்பா, தினமும் எங்க போறீங்க?" "வாக்கிங்." "ரயில்லயா?" இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு நாள் கூட்டம். போகவில்லை. வீட்டில் இருந்தேன். இருந்தது தப்பு.

சௌந்தரம் தரை துடைத்தாள். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, லைன் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் துடைத்தாள். துணி பெட்டியின்மேல் படவில்லை.

"நகத்தட்டுமா?" என்றேன்.

"வேணாம். அது உங்களுது."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன் என்றும் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கேன்வாஸ் கோணுகிறது. நூலை இறுக்கி இழுத்தால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து காற்றாடி மாதிரி ஆகிவிடும். கோபத்தில் இருப்பவனின் கேன்வாஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு யார்மேல் கோபம்? வண்டி நன்றாகத்தான் போகிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

பாபநாசம் தாண்டி வாழைத் தோப்புகள். அடர்ந்த பச்சைக்கும் இளம்பச்சைக்கும் நடுவில் ஒரு பச்சை, என்னிடம் இருக்கும் பதினாலு பச்சையில் அது இல்லை. இரண்டு இழைகளைச் சேர்த்துப் பல்லில் கவ்விக்கொண்டு ஊசிக் காதைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிரே யாரோ வந்து நின்றார்கள். புடவை தெரிந்தது. பழுப்பில் சின்னக் கட்டம். இந்தப் புடவை எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது என்று சாவகாசமாக நினைத்தேன். அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

சௌந்தரம். கையில் டிக்கெட், தோளில் கூடைப் பை. பொன்மலையிலேயே ஏறி இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். தஞ்சாவூரிலிருந்து வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"யாருக்கு இது?" என்றாள்.

நூல் வாயில் இருந்தது. எடுத்தேன். "யாருக்கும் இல்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல."

"எத்தன நாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தொண்ணூத்தஞ்சுலேருந்து."

எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். மாயவரம் வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் ஒரு தையல்கூடப் போடாத கையை. பூக்காரம்மா ஏறி, அவளைப் பார்த்து, என்னைப் பார்த்து, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

மாயவரம் பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆறவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்த மடையன் நான்.

"சௌந்தரம், வேற ஒண்ணுமில்ல. இதுதான். இதுக்குத்தான் வர்றேன்."

"ஒரு பொம்பள இருந்திருந்தாக் கூட ஒரு மாதிரி மனசு ஆறியிருக்கும்" என்றாள். சத்தமே போடவில்லை. "ஏதோ வயசு, ஏதோ புத்தி கெட்ட நேரம்னு. அந்தப் பெட்டிக்குள்ள லெட்டரு இருக்கும், போட்டோ இருக்கும்னு இத்தன வருஷம் அதத் தொடாம இருந்தேன். தொறந்தா இருக்கிறதும் போயிருமேன்னு. நூலுக்கா பயந்தேன் நானு?"

டீயைத் தண்டவாளத்தில் கொட்டினாள். திரும்பி வரும்போது அவள் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல்.

செப்டம்பர் 6, புதன்

சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பேச்சு வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 9, சனி

காலை 09.10. "அந்தப் பெட்டியத் தொறங்க" என்றாள்.

தரையில் ஒவ்வொன்றாக விரித்தேன். கூடம் போதவில்லை, சமையலறை வாசல்வரை போனது. நாற்பத்தோரு கேன்வாஸ். இருபத்தெட்டு வருடம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நான் தேதியும், வரிசைக்கு வரிசை நேரமும் பென்சிலில் எழுதியிருப்பேன். அது கார்டு புத்தி, மாறாது. சௌந்தரம் குனிந்து குனிந்து தேதிகளை வாசித்தாள். நாலாவதோ ஐந்தாவதோ வந்ததும் எனக்கு அவள் என்ன தேடுகிறாள் என்று புரிந்துவிட்டது. சட்டென்று எல்லாவற்றையும் சுருட்டிவிடலாமா என்றுகூட இருந்தது.

"தொண்ணூத்தேழு நவம்பர் பன்னெண்டு" என்று வாசித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

கமலினி பிறந்த தேதி.

எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அடைமழை. கும்பகோணம் பக்கம் பாதை அரித்துப்போனதால் காலை 07.40க்கு என் வண்டியை ஆலமங்கலம் என்ற சின்ன ஸ்டேஷனில், மெயின் லைனை ஒட்டிய லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தினார்கள். மாலை 17.30 வரை நகரவில்லை. எதிரே ஒரே ஒரு வயல். அந்த ஒரு வயலைப் பகல் முழுக்கப் பார்த்துத் தைத்தேன். ஒரே இடம், வெளிச்சம் மட்டும் மாறிக்கொண்டே போகும். சாம்பல், பாசி, ஈயம், மழை விட்ட பிறகு ஒரு மஞ்சள், கடைசியில் கத்தரிப்பூ நிறம். நாற்பத்தொன்றில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. இனிமேலும் வரப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

சௌந்தரம் விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஓடுற வண்டியிலதான் கை வரும்னு இப்ப விரிக்கிறப்பச் சொன்னீங்க. இது நின்ன வண்டியில போட்டதுதானே?"

நான் கேன்வாஸின் ஓரத்தை நீவினேன்.

"ரிலீவு வரலன்னு சொன்னீங்க அன்னைக்கு."

"ஆமா. மழையில..."

"சவரிமுத்து அண்ணன் வந்தாரு." புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வலி எடுத்துருச்சுன்னு கன்ட்ரோல்ல சொல்லி, ஒரு இஞ்சின்ல ஏத்தி, உங்கள விடுவிக்கத்தான் அவர அனுப்புனாங்க. நீங்க வரலன்னு சொல்லிட்டீங்க. அவரு அதே இஞ்சின்ல திரும்பி, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசல்ல நின்னு ரோஸ்லின் அக்காகிட்ட சொன்னாரு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. எனக்குக் காது கேட்டுச்சுங்க."

இருபத்தாறு வருடம். இவள் எனக்கு டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள், கமலினி கல்யாணத்தில் என் பக்கத்தில் நின்று தாரைவார்த்திருக்கிறாள். எல்லாம் இதை வைத்துக்கொண்டு.

"ஆலமங்கலத்துல எவளோ இருக்கான்னு நெனச்சேன்" என்றாள். "அந்த ஊரு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

செப்டம்பர் 10, ஞாயிறு

சவரிமுத்து அண்ணன் 10.15க்கு வந்தார். 10.40க்குப் போனார். அந்த இருபத்தைந்து நிமிடமும் ஊசி என் கையில் இருந்தது. பிரசவம் என்றால் எனக்குப் பயம், என் அம்மா அப்படித்தான் போனாள். ஆனால் அது மட்டும் இல்லை. பாசி நிறத்தில் பாதி வரிசை பாக்கி இருந்தது. மழை வேறு நிறத்துக்கு மாறப்போகிறது என்று தெரிந்தது. எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம்தான் போய்க் குழந்தையைப் பார்த்தேன்.

இதை இத்தனை வருடத்தில் எந்த நோட்டிலும் நான் எழுதியதில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலை காபியோடு சொன்னாள். "அந்த ஒண்ணப் பிரிங்க."

"எத?"

"கமலி பொறந்த அன்னைக்குப் போட்டத. பிரிச்சா நான் இங்க இருக்கேன். இல்லாட்டி கமலி வீட்டுக்குப் போயிர்றேன். கோவத்துல சொல்லலங்க. ரெண்டு நாளா யோசிச்சுத்தான் சொல்றேன்."

எனக்கு வந்ததே கோபம். போட்ட தையலை நான் பிரித்ததேயில்லை, தப்பாகப் போட்டதைக்கூட. "வேற எது வேணா கேளு! நாப்பதையும் அடுப்புல போடு! அது ஒண்ணுதான் சௌந்தரம் என் ஆயுசுல நல்லா வந்தது!"

"அன்னைக்கு எனக்கும் ஒண்ணு வந்துச்சு. ஆறு பவுண்டு. அதையும் வந்து பாத்திருக்கலாம் நீங்க."

அலமாரியிலிருந்து பெரிய பையை இறக்கிக் கட்டிலின்மேல் வைத்தாள். பையைத் திறந்து தூசி தட்டினாள்.

நான் வெளியே போய்விட்டேன். கால் தானாகப் பொன்மலை ஸ்டேஷனுக்குப் போனது. மாயவரம் பாசஞ்சர் வந்தது, நின்றது, போனது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சீசன் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. கடைசிப் பெட்டியில் கார்டு, சின்னப் பையன், கொடியை நீட்டிக்கொண்டு பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனான்.

12.05 வீடு. பையில் நாலு புடவை மடித்து வைத்திருந்தாள். சமையலும் செய்திருந்தாள். எனக்கும் சேர்த்து.

செப்டம்பர் 13, புதன்

என்னால் முடியாது.

செப்டம்பர் 14, வியாழன்

10.00. பை இன்னும் கட்டிலின்மேல்தான் இருக்கிறது. அந்தக் கேன்வாஸை மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தினேன், ஜன்னலுக்கு நேராக. சின்னக் கத்தரிக்கோல், கண்ணாடி. சௌந்தரத்தைக் கூப்பிட்டேன். எனக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் வரிசை, 07.40, சாம்பல். கத்தரியை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்கேருந்து எதுக்கு? அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே." ஓரத்துப் பென்சில் எழுத்தைத் தேடினாள். "அண்ணன் அங்க வந்தது பத்தே காலுன்னுதான் அன்னைக்குச் சொன்னாரு. எது அது?"

காட்டினேன். பாசி நிறம்.

"இங்கேருந்து."

முன்பக்கம் நான் இழையை வெட்டுவேன். பின்பக்கம் அவள் ஊசியால் நெம்பி இழுப்பாள். பழைய உல்லன், இழுத்த இடத்தில் பஞ்சாகப் பறக்கும். வெயிலில் அது இறங்காமல் அங்கேயே நின்றது. முதல் இழைகளை வெட்டும்போது கண் மறைத்தது, இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"பத்தே முக்காலுக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள், திடீரென்று.

"மழைதான். வரப்புல ஒரு கொக்கு. ஒத்தக் கால்ல."

"பத்தே முக்காலுக்கு என்னைய நடக்கச் சொன்னாங்க. வராந்தாவுல. ரோஸ்லின் அக்கா தோளப் பிடிச்சுக்கிட்டு."

ஒரு வரிசை போனது. துணியின் கண்கள் திறந்துகொண்டன.

"பதினொண்ணே காலு?"

"காத்து அடிச்சுச்சு. வயலு பூரா ஒரே பக்கமா சாஞ்சு, அடியில இருக்கிற வெளிர்பச்ச தெரிஞ்சுது."

"வலி நின்னுபோச்சு அப்ப. பயந்துட்டேன். டீயில பன்னத் தொட்டுக் குடுத்தாங்க. வாந்தி எடுத்தேன்."

13.00 சாப்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

செப்டம்பர் 15, வெள்ளி

பதினொன்றே முக்காலிலிருந்து ஒன்றரை வரை பிரித்தாயிற்று.

நான் ஒரு நிறம் சொல்கிறேன், அவள் ஒரு வலி சொல்கிறாள். பன்னிரண்டு மணிக்கு அந்த வயலில் ஒரு கிழவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மடை வெட்டினார். பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் இவளைத் திட்டினாள். பன்னிரண்டரைக்கு வானம் ஈய நிறமாகி இறங்கி வந்து என் பிரேக் வேன் கூரையில் உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு இவள் என் பெயரைச் சொல்லிக் கத்தினாளாம். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள்.

"என்னன்னு கத்துன?"

"குஞ்சிதபாதம்னுதான். பின்ன மேனேஜர்னா?"

சிரித்தாள். இந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மறைக்கவில்லை.

பஞ்சு அவள் தலைமுடியில், புருவத்தில். ஜன்னலுக்கு வெளியே இன்று வெயில், ஆனால் கூடத்துக்குள் மழை பெய்கிற மாதிரியே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நாளில் இரண்டு இடத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஒரு தரம் நான் தலைநிமிர்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம்னு டாக்டர் சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒரு மணி நேரம்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

செப்டம்பர் 16, சனி

காலை 09.30. மீதிக்கு உட்கார்ந்தோம்.

13.45. 14.00. 14.15. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. 14.30 வரிசையை வெட்டும்போது, "மழை விட்டுடுச்சு" என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

அந்த வரிசை முழுக்க வந்துவிட்டது. பத்தே கால் முதல் இங்கேவரை வெறும் கண்கள்தான், ஒரு சாண் அகலத்துக்கு. அந்தப் பக்கம் அவள் விரல்கள் தெரிந்தன. அடுத்தது 14.40, மஞ்சள் தொடங்கும் இடம். அங்கிருந்து கடைசிவரை, கத்தரிப்பூ நிறம் வரை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பரவாயில்லை, முழுசாகப் போகட்டும் என்று இரண்டு நாள் முன்பே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கத்தரியைக் கொண்டுபோனேன்.

சௌந்தரம் உள்ளங்கையை விரித்து அந்த மஞ்சளின்மேல் வைத்துவிட்டாள்.

"போதும்."

"இன்னும் மீதி இருக்கே."

"ரெண்டு நாப்பதுக்கு அவ வந்துட்டா. அதுக்கப்புறம் நான் தனியா இல்லங்க." கையை எடுக்கவில்லை. "தொடச்சு எங்கிட்ட குடுத்தாங்க. வலப்பக்கம் ஒரு ஜன்னல். மழ விட்டு இதே வெயிலுதான் அடிச்சுச்சு, இதே மஞ்ச. புள்ள மூஞ்சியெல்லாம் அந்த வெயிலு. உங்களுக்குக் காட்டணுமேன்னு வாசலயே பாத்துக்கிட்டிருந்தேன். இத நானும் பாத்தேன். இத விட்டுடுங்க."

கத்தரியைக் கீழே வைத்தேன்.